புரோக்கரை எதுவரை நம்பலாம்? வீட்டு விலைப் பேச்சின் உள்ளே

நங்கநல்லூரில் ஒரு மூன்றாவது மாடி ஃபிளாட். 2024 பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை காலை. ஹாலில் நானும் மனைவியும் ஒரு பக்கம், வீட்டை விற்கும் பெரியவர் எதிர்ப் பக்கம். காபி வந்தது. விலைப் பேச்சு தொடங்கியதும் புரோக்கர் எழுந்து, "சார், ஒரு நிமிஷம்" என்று பெரியவரைப் பால்கனிக்கு அழைத்துப் போனார். கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிடம் பேசினார்கள். திரும்பி வந்ததும் என்னை மாடிப்படி அருகே கூட்டிப் போனார். குரலைத் தாழ்த்தி, "ஓனர் 73க்குக் கீழ இறங்க மாட்டேங்கிறார் சார். இன்னொரு பார்ட்டி நாளைக்கு டோக்கன் அட்வான்ஸோட வர்றாங்க. நீங்க 72ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மீதியை நான் பேசி முடிச்சுத் தர்றேன்" என்றார்.

எங்கள் மனதில் இருந்த விலை 68 லட்சம். கடைசியில் 71.5 லட்சத்துக்கு முடிந்தது.

ஏப்ரலில் பத்திரப் பதிவு. சார்பதிவாளர் அலுவலகத்தில் எங்கள் டோக்கன் எண் வரும்வரை இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். புரோக்கர் ஜெராக்ஸ் எடுக்க வெளியே போயிருந்தார். பெரியவரும் நானும் நடுவில் ஆள் இல்லாமல் பேசியது அன்றுதான் முதல் முறை. "69 வந்தா கொடுத்துடலாம்னுதான் சார் இருந்தேன்" என்றார். "கோயம்புத்தூர்ல பையன் வீட்டுப் பக்கத்துல ஒரு ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டேன். எனக்கும் அவசரம்தான். ஆனா நீங்க மே மாசத்துக்குள்ள வாடகை வீட்டைக் காலி பண்ணியாகணும், லோனும் சாங்ஷன் ஆயிடுச்சுன்னு அவர் சொன்னாரு. அதனால கொஞ்சம் பிடிச்சு நின்னேன்."

மே மாத விஷயத்தைப் புரோக்கரிடம் சொன்னது நான்தான். முதல் நாள் வீடு பார்க்க அவருடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, பேச்சுவாக்கில் சொன்னேன். "கவலைப்படாதீங்க சார், மேக்குள்ள பால் காய்ச்சிடலாம்" என்று அவர் ஆறுதல் சொன்னதுகூட நினைவிருக்கிறது. பெரியவரின் அவசரம் அவருக்குத் தெரிந்திருந்தும் என் காதுக்கு வரவில்லை. டோக்கன் அட்வான்ஸோடு வருவதாகச் சொன்ன அந்த இன்னொரு பார்ட்டியைப் பற்றிக் கேட்டேன். பெரியவருக்கு அப்படி யாரையும் தெரியாது.

69க்கும் 71.5க்கும் நடுவே 2.5 லட்சம். 8.5 சதவீத வட்டியில் 20 வருட வீட்டுக் கடனாக அதைப் பார்த்தால் மாதம் சுமார் 2,170 ரூபாய், மொத்தத்தில் 5 லட்சத்துக்கு மேல். சம்பளக்காரக் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை. அதனால்தான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஆழமாகப் பார்க்க நினைத்தேன். "புரோக்கர்னாலே ஏமாத்துக்காரங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது சுலபம். எங்கள் புரோக்கர் அப்படிப்பட்டவர் இல்லை. பேசிய கமிஷனுக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை. அதை வைத்துத்தான் அவர் மேல் நம்பிக்கையும் வைத்திருந்தேன். பணத்தில் நேர்மையாக இருந்த அதே மனிதரிடம் விலைப் பேச்சில் அந்த நேர்மை ஏன் இல்லாமல் போனது?

கணக்கில் இருந்து தொடங்கலாம். சென்னையில் பழைய வீடோ ஃபிளாட்டோ கை மாறும்போது புரோக்கர் பெரும்பாலும் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிறார். ஆளுக்கு 1 முதல் 2 சதவீதம் என்பது பொதுவான வழக்கம். 70 லட்ச ரூபாய் வீடு, இரு பக்கமும் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மொத்தம் 2.8 லட்சம். விலை 2.5 லட்சம் கூடினால் அவருடைய வரவு 10,000 ரூபாய் கூடும். அதே அளவு குறைந்தால் 10,000 குறையும். பேச்சு முறிந்துபோனால்? 2.8 லட்சமும் போச்சு. மூன்று மாதம் அலைந்த அலைச்சல், பெட்ரோல், வீடு காட்டக் கூட்டிப்போன முப்பது பேர், எல்லாம் வீண்.

ஆக, விலை 69ஆ 71.5ஆ என்பது எனக்குப் பெரிய விஷயம், பெரியவருக்குப் பெரிய விஷயம், புரோக்கருக்கு ஒரு விஷயமே இல்லை. அவருக்கு வேண்டியது முடிவு. இன்றைக்கே முடிந்தால் இன்னும் நல்லது. யார் இளகி வருவார்கள் என்று தெரிகிறதோ அவரைக் கொஞ்சம் அதிகமாக இழுத்து, மற்றவரைக் கொஞ்சம் தள்ளி, இரண்டு பேரையும் ஒரு எண்ணில் கொண்டுவந்து நிறுத்துவதுதான் அவருடைய வேலை. எங்கள் பேரத்தில் இளகியவன் நான். மே மாதத்தைச் சொல்லி நானே அதைக் காட்டிக் கொடுத்துவிட்டேன்.

மாட்டுச் சந்தையில் தரகு பேசுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பொள்ளாச்சிச் சந்தையில் துண்டைக் கைமேல் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். சுற்றி நிற்கும் யாருக்கும் எண் தெரியாது. தரகர் விற்பவர் விரலையும் பிடிப்பார், வாங்குபவர் விரலையும் பிடிப்பார். இரண்டு எண்ணும் தெரிந்த ஒரே ஆள் அவர். நங்கநல்லூர் பால்கனிக் கதவும் அந்தத் துண்டும் ஒன்றுதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. சந்தைக்கு வருகிறவர் மாட்டின் பல்லைப் பார்த்தே வயதும் விலையும் சொல்லக்கூடியவர், வருடத்துக்குப் பல முறை வாங்கி விற்பவர். நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு வீடுதான் வாங்குகிறோம்.

இது நம் ஊர்ப் புரோக்கரின் குணம் மட்டும் இல்லை. தொழிலின் அமைப்பே அப்படி. சிகாகோ பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர்கள் ஸ்டீவன் லெவிட்டும் சாட் சைவர்சனும் 2008இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சிகாகோ பகுதியில் விற்பனையான ஏறத்தாழ 1 லட்சம் வீடுகளை எடுத்துக்கொண்டார்கள். அதில் சில ஆயிரம் வீடுகள் ஏஜென்ட்களே தங்களுக்கென்று வைத்திருந்து விற்றவை. ஒரே மாதிரி வீடுகளை ஒப்பிட்டபோது, ஏஜென்ட் தன் சொந்த வீட்டை விற்கையில் வாடிக்கையாளர் வீட்டைவிட சராசரியாக 9.5 நாள் கூடுதலாகக் காத்திருக்கிறார், 3.7 சதவீதம் கூடுதல் விலை பெறுகிறார் என்று தெரிந்தது. சொந்த வீடு என்றால் "இன்னும் பத்து நாள் பார்ப்போம்" என்கிறவர், அடுத்தவர் வீடு என்றால் "நல்ல ஆஃபர் சார், விட்டுடாதீங்க" என்கிறார். 70 லட்சத்தில் 3.7 சதவீதம் என்பது 2.59 லட்சம். என் 2.5 லட்சத்துக்குப் பக்கத்தில் அந்த எண் வந்து நின்றதைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஆய்வு விற்பவர்களைப் பற்றியது என்பதைக் கவனிக்க வேண்டும். புரோக்கரால் வாங்குபவருக்கு மட்டும்தான் நஷ்டம் என்று நாம் நினைக்கிறோம். விற்பவருக்கும் அதே ஆபத்து உண்டு, அதுவும் தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு, வெளிநாட்டில் இருந்துகொண்டு அப்பா அம்மா வீட்டை விற்கும் பிள்ளைகளுக்கு. இரண்டு வாரம் லீவு போட்டு வந்திருக்கிறார், அதற்குள் முடித்துவிட்டுப் போக வேண்டும் என்பது புரோக்கருக்குத் தெரிந்தால் போதும். தெற்குப் பார்த்த வாசலை எடுத்துக்கொள்ளுங்கள். விற்பவரிடம், "தெற்கு வாசல் சார், பார்ட்டிங்க வாசல்லயே திரும்பிப் போறாங்க, விலையைக் கொஞ்சம் குறைச்சாதான் நகரும்" என்று பேச்சு வரும். அதே வீட்டை வாங்க வருகிறவரிடம், "தெற்கு வாசல் சிலருக்கு அள்ளிக் கொடுக்கும் சார், உங்க ராசிக்குப் பொருந்தும்" என்று வரும். வாசல் ஒன்றுதான். யாரை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டுமோ அதற்கு ஏற்ற வாக்கியம் தயாராக இருக்கிறது.

இதுவரை சொன்னது கமிஷன் முறை. இதைவிடக் கவலைப்பட வேண்டிய ஏற்பாடு ஒன்று உண்டு. சில உரிமையாளர்கள் புரோக்கரிடம், "எனக்கு 65 கைக்கு வந்தா போதும். அதுக்கு மேல வர்றது உன் சாமர்த்தியம்" என்று சொல்லிவிடுவார்கள். அந்த நொடியில் கணக்கு முழுதும் மாறிவிடுகிறது. கமிஷன் முறையில் விலை 2.5 லட்சம் கூடினால் அவருக்கு 10,000. இந்த முறையில் 2.5 லட்சமும் அவருக்கே. வாங்குபவர் பேரம் பேசுவதாக நினைப்பது உரிமையாளரிடம். உண்மையில் பேசிக்கொண்டிருப்பது புரோக்கரின் சொந்த லாபத்தோடு. உரிமையாளரை நேரில் பார்க்க வேண்டும் என்று எத்தனை முறை கேட்டாலும் "அவர் ஊர்ல இல்ல", "எல்லாத்தையும் என்கிட்ட விட்டுட்டார்" என்றே பதில் வந்தால், இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும். இன்னும் ஒரு படி மேலே போய், உரிமையாளருடன் தன் பெயரிலேயே விற்பனை ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, அதைவிட அதிக விலைக்கு ஆள் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர் அப்போது தரகர் இல்லை, வியாபாரி. வியாபாரியாக இருப்பது தப்பில்லை. தரகர் என்று சொல்லிக்கொண்டு வியாபாரம் செய்வதுதான் தப்பு.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் முகவர்களைப் பற்றிய பகுதி இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. ஒருவருக்கு ஏஜென்ட்டாக இருப்பவர் அவருக்குத் தெரியாமல் அதே வேலையில் தனக்கென்று லாபம் பார்த்தால், அந்த லாபத்தைக் கேட்டுப் பெறும் உரிமை யாருக்காக வேலை செய்தாரோ அவருக்கு உண்டு என்கிறது பிரிவு 216. தவறாக நடந்துகொண்ட ஏஜென்ட்டுக்கு அந்த வேலைக்கான கூலி கிடையாது என்கிறது பிரிவு 220. ஆனால் இதையெல்லாம் கேட்பதற்கு, அவர் யாருடைய ஏஜென்ட் என்பதை முதலில் நிரூபிக்க வேண்டும். நம் ஊரில் புரோக்கர் யார் பக்கம் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இருப்பதில்லை. எல்லாம் வாய்ப்பேச்சு, ஒரு வாட்ஸ்அப் லொகேஷன், கடைசியில் ஒரு ஜிபே.

ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்துவிட்டதே என்று பலர் கேட்கிறார்கள். 2016இல் வந்த அந்தச் சட்டம் ஏஜென்ட்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது, பொய்யான தகவல் தரக் கூடாது என்கிறது, மீறினால் நாள் ஒன்றுக்கு 10,000 ரூபாய் வீதம் அபராதமும் விதிக்கிறது. அது சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை போகலாம். நல்ல சட்டம்தான். ஆனால் ரியல் எஸ்டேட் ஏஜென்ட் என்பதற்கு அது தரும் விளக்கமே ஒரு கட்டுமானத் திட்டத்தில் உள்ள மனையையோ ஃபிளாட்டையோ விற்றுத் தருபவர் என்பதுதான். பில்டரிடம் புது ஃபிளாட் வாங்கும்போது நடுவில் நிற்கிறவருக்குப் பொருந்தும். பதினைந்து வருடப் பழைய ஃபிளாட்டை ஒரு பெரியவர் எனக்கு விற்கும்போது பைக்கில் கூட்டிப்போனவருக்குப் பொருந்தாது. விலைப் பேச்சு அதிகம் நடப்பது இந்த இரண்டாவது வகையில்தான். பில்டர் விலைப் பட்டியலை நீட்டுவார். பழைய வீட்டில்தான் ஒவ்வொரு லட்சமும் பேசிப் பேசித் தீர்மானமாகிறது. காவல் இல்லாத இடமும் அதுவே.

இங்கிலாந்தில் இது வேறு மாதிரி. அங்கே எஸ்டேட் ஏஜென்ட் விற்பவரின் ஆள். கமிஷனும் விற்பவர்தான் தருகிறார். அது எல்லோருக்கும் தெரியும். 1979ஆம் ஆண்டின் எஸ்டேட் ஏஜென்ட்கள் சட்டமும் அதன் கீழ் 1991இல் வந்த விதிகளும் நம் மாடிப்படிப் பேச்சைப் பார்த்தே எழுதியதுபோல் இருக்கின்றன. வந்த ஒவ்வொரு விலையையும் தாமதிக்காமல் எழுத்தில் விற்பவருக்குத் தெரிவிக்க வேண்டும். இல்லாத இன்னொரு பார்ட்டியை இருப்பதாகச் சொல்லக் கூடாது. அந்த வீட்டில் தனக்கு ஏதாவது சொந்த ஆதாயம் இருந்தால் பேச்சு தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். அங்கேயும் மீறுகிறவர்கள் உண்டு, புகார்கள் உண்டு. ஆனாலும் வாங்குபவர் ஏஜென்ட்டிடம் தன் கடைசி விலையைச் சொல்லும்போது, அது விற்பவர் காதுக்குப் போகும் என்று தெரிந்தே சொல்கிறார். நமக்கு அந்தத் தெளிவுகூட இல்லை. இரண்டு பக்கமும் காசு வாங்குகிறவர் இரண்டு பக்கத்துக்கும் "நான் உங்க ஆள் சார்" என்கிறார். நாமும் நம்பி, வீட்டுக் கதையெல்லாம் சொல்கிறோம். அமெரிக்காவில் ஏஜென்ட் சங்கத்துக்கு எதிரான கமிஷன் வழக்குகள் 2024இல் 41.8 கோடி டாலர் சமரசத்தில் முடிந்த பிறகு, வாங்குபவருக்காக வேலை செய்யும் ஏஜென்ட் வீடு காட்டுவதற்கு முன்பே தன் கட்டணத்தை எழுத்தில் ஒப்பந்தம் செய்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது.

இவ்வளவு சொன்ன பிறகும், புரோக்கரே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். காரணம் அந்த நங்கநல்லூர் வீட்டிலேயே இருக்கிறது. ஃபிளாட் பெரியவரின் காலமான மனைவி பெயரில் இருந்தது. பெரியவர், மகன், மகள் மூவரும் வாரிசுகள். மகள் பெங்களூரில். "பொண்ணுகிட்ட நான் சொல்லிக்கறேன், அட்வான்ஸ் போடலாம்" என்று பெரியவர் அவசரப்பட்டார். நாங்களும் சரி என்று தலையாட்டியிருப்போம். புரோக்கர்தான் தடுத்தார். "வாரிசுச் சான்றிதழ் வரட்டும், பொண்ணும் வந்து அக்ரிமெண்ட்ல கையெழுத்துப் போடட்டும், அதுக்கு முன்னாடி ஒரு ரூபாகூடக் கொடுக்காதீங்க சார்" என்றார். மூன்று வாரம் தள்ளிப்போனது. தாலுகா அலுவலகத்துக்கு அவரே பெரியவரோடு நான்கு முறை போய் வந்தார். சங்கத்துக்குக் கட்ட வேண்டிய பராமரிப்புப் பாக்கி, மின் இணைப்பின் பெயர் மாற்றம், சொத்து வரி ரசீது எல்லாவற்றையும் தேதி வாரியாகச் சொன்னார். அவர் இல்லையென்றால் நாங்கள் திணறிப்போயிருப்போம்.

அதே ஆள். ஒரு இடத்தில் எங்களைக் காப்பாற்றினார், இன்னொரு இடத்தில் எங்கள் ரகசியத்தை எதிர்ப்பக்கம் கொண்டுபோனார். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே காரணத்தால்தான். மகள் கையெழுத்து இல்லையென்றால் வங்கியின் வழக்கறிஞர் கோப்பைத் திருப்பி அனுப்புவார், கடன் வராது, பேரம் முறியும். எது பேரத்தை முறிக்குமோ அதில் புரோக்கர் நம்மைவிடக் கவனமாக இருப்பார். அங்கே அவருடைய நலனும் நம்முடைய நலனும் ஒரே பாதையில் போகின்றன. பேரத்தை முறிக்காத விஷயங்களில்தான் பாதை பிரிகிறது. விலை அதில் முதலாவது. மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்குமா, கோடையில் போர்வெல் வற்றி லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா என்பதெல்லாம் அதே வகை. அவருக்குத் தெரியும். தெரிந்தாலும் கேட்காமல் சொல்ல மாட்டார். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எந்தப் படிவரை வந்தது என்று தெருமுனை இஸ்திரிக்காரரிடம் கேளுங்கள், கையை வைத்தே உயரம் காட்டுவார். அந்த உயரத்துக்கு விலைப் பேச்சில் மதிப்பு உண்டு.

விலைக்கும் அப்படிச் சாட்சிகள் இருக்கின்றன. அவற்றைத் தேடாமல் புரோக்கர் சொன்ன எண்ணையே பிடித்துக்கொண்டதுதான் நான் செய்த பெரிய தவறு. தமிழ்நாடு பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். சொத்தில் அடமானம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் எல்லோரும் அதை எடுப்பார்கள். ஆனால் ஒவ்வொரு பதிவிலும் கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு என்று இரண்டு எண்கள் இருக்கும். அந்தச் சர்வே எண்ணுக்குப் போட்டுப் பார்த்தால் அதே கட்டடத்தில் மற்ற ஃபிளாட்கள் எப்போது, எவ்வளவுக்குக் கை மாறின என்பதும் வரும். இதில் இரண்டு எச்சரிக்கை. பழைய ஃபிளாட்களைப் பில்டரிடம் முதலில் வாங்கியபோது பெரும்பாலும் நிலத்தின் பிரிபடாத பாகத்துக்கு, அதாவது மொத்த நிலத்தில் அந்த ஃபிளாட்டுக்கு உரிய பங்குக்கு மட்டும் பத்திரம் போட்டிருப்பார்கள், அந்த எண் சிறியதாக இருக்கும். முழு விலை தெரிவது மறுவிற்பனைப் பதிவுகளில்தான். அங்கேயும் சிலர் குறைத்துக் காட்டியிருப்பார்கள். ஆகவே அந்த எண்ணைக் கீழ்மட்டமாக வைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்தில் சமீபத்தில் வாங்கியவர்களிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். வழிகாட்டி மதிப்பை விலையாக நினைக்கக் கூடாது. அது முத்திரைத் தீர்வைக்கான அரசின் கணக்கு, அவ்வளவுதான். விலையைத் தூக்க வேண்டும் என்றாலும் இறக்க வேண்டும் என்றாலும் புரோக்கர்கள் அதை எடுத்து நீட்டுவார்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் பேசிய விலையை வங்கியிடம் சொல்லி, மதிப்பீட்டாளரை அனுப்பச் சொல்லலாம். அதற்குச் சில ஆயிரம் செலவாகும். என் நண்பர் ஒருவர் அப்படிச் செய்து, மதிப்பீடு 4 லட்சம் குறைவாக வந்ததைக் காட்டியே விலையைக் குறைத்தார். புரோக்கரும் மறுபேச்சுப் பேசவில்லை. கடன் குறைந்தால் பேரம் முறியும் என்று அவருக்குத் தெரியும்.

விலையைக் குறைக்க வழி சொல்கிறேன் என்று சில புரோக்கர்கள் ரொக்கப் பேச்சைக் கொண்டுவருவார்கள். "பத்திரத்துல இவ்வளவு போடுங்க, மீதியைக் கையில கொடுங்க, ரெண்டு பேருக்கும் லாபம்." பழைய வீட்டைப் பதிவு செய்ய முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 9 சதவீதம் போகிறதே என்ற வலியைத் தொட்டுத்தான் இந்தப் பேச்சு வரும். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை 2015 முதல் வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். கொடுத்தவருக்குப் பத்திரத்தில் ஆதாரம் கிடையாது. பேரம் பாதியில் நின்றால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கவும் வழி இல்லை. இதில் எந்தச் சிக்கலும் வராத ஒரே ஆள் யோசனை சொன்னவர்தான்.

நானே மறுபடி வாங்கினால் என்ன செய்வேன் என்று மனைவி கேட்டாள். முதல் வேலை, விலையைப் பேசும் நேரத்தில் பால்கனிக்கும் மாடிப்படிக்கும் போக மாட்டேன். "எல்லாரும் இங்கேயே உட்கார்ந்து பேசலாம் சார்" என்று மரியாதையாகச் சொல்வேன். பெரியவரும் நானும் அன்று ஹாலிலேயே பேசியிருந்தால் அவருடைய கோயம்புத்தூர் அவசரமும் என்னுடைய மே மாத அவசரமும் ஒரே நேரத்தில் மேசைக்கு வந்திருக்கும். விலை 69 ஆகியிருக்குமா, 70 ஆகியிருக்குமா, அது வேறு. இரண்டு பேருக்கும் நிலைமை தெரிந்து முடிவு செய்திருப்போம்.

அப்புறம் கமிஷன். விலை முடிந்த பிறகு கமிஷனைப் பேசுவது நம் பழக்கம். முதல் நாளே பேசி, "எங்க பக்கம் இவ்வளவு, பதிவு முடிஞ்ச அன்னைக்குத் தர்றோம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது அனுப்பி வைத்தால் நல்லது. ஓனரிடமும் அவர் வாங்குகிறாரா என்று நேரடியாகக் கேட்டுவிட வேண்டும். கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான். சதவீதக் கணக்குக்குப் பதில் ஒரு குறிப்பிட்ட தொகை என்று பேசிக்கொண்டால், விலை கூடுவதில் அவருக்கு இருக்கும் அந்தச் சின்ன ஆதாயமும் போய்விடும். "நான் நினைச்சதைவிட விலை குறைஞ்சா உங்களுக்கு மேல 25,000" என்று சொல்லி ஒருவர் முடித்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் உண்மையான எண்ணை யாரிடமும் சொல்லவில்லை, ஒரு தாளில் எழுதி மடித்து மனைவியிடம் கொடுத்து வைத்திருந்தார். அந்தப் புரோக்கர் அவருக்காகப் போராடினார் என்றே சொல்ல வேண்டும்.

"இன்னொரு பார்ட்டி" என்ற வார்த்தை வந்தால் பதற்றப்படத் தேவையில்லை. சில நேரம் உண்மையாகவே இருப்பார்கள். உண்மையா என்று கண்டுபிடிக்க நமக்கு வழி இல்லை. நம் விலையை அதற்காக அன்றைக்கே உயர்த்தாமல் இருக்க வழி உண்டு. "இதுதான் எங்க விலை, வெள்ளிக்கிழமை வரைக்கும் நிக்கும், ஓனர்கிட்ட சொல்லிடுங்க" என்று எழுத்தில் அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். நான் அன்று மாடிப்படியிலேயே 71 என்றேன். ஒரு இரவு தூங்கி எழுந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

போன மாதம் அலுவலகத்தில் ஒரு தம்பி நங்கநல்லூர்ப் பக்கம் வீடு தேடுவதாகச் சொன்னார். தெரிந்த புரோக்கர் யாராவது உண்டா அண்ணா என்று கேட்டார். அதே புரோக்கரின் நம்பரைத்தான் அனுப்பினேன். பத்திரம், பட்டா, வாரிசு, வங்கி எதுவாக இருந்தாலும் அவரிடமே கேள், அந்த ஏரியாவில் அவருக்குத் தெரியாத பிளாக் கிடையாது என்று எழுதினேன். அதற்குக் கீழே இன்னொரு வரி: உன் வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பதை மட்டும் அவரிடம் சொல்லாதே.